வெந்நீர் ஊற்றுக்கு உரிய பங்கு

1991-ல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் மருந்து நிறுவனம் ஓர் ஆய்வகச் செய்முறைக்கு 30 கோடி டாலர் கொடுத்தது. விற்றது, கலிபோர்னியாவில் பெர்க்லியை ஒட்டியுள்ள எமரிவில்லில் இயங்கிய சீட்டஸ் என்ற நிறுவனம். விற்கப்பட்டது, பாலிமரேஸ் தொடர்வினை எனப்படும் பிசிஆர் முறையின் காப்புரிமை. கொரோனா ஆண்டுகளில் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்துக்கொண்டு போனார்களே, முடிவு வரும்வரை குடும்பமே கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததே, அந்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனையின் உயிர்நாடி இந்தச் செய்முறைதான்.

அந்த 30 கோடி டாலர் யாருக்குப் போனது, யாருக்குப் போகாமல் நின்றது என்ற கணக்கை நாம் இன்று எடுத்துப் பார்த்தாக வேண்டும். இயற்கையிடமும் மக்களிடமும் எடுத்ததற்கு உரிய பங்கை, பொருள் சந்தைக்கு வருவதற்கு முன்பே சட்டத்தில் எழுதிவைக்காவிட்டால் பிறகு எந்த நீதிமன்றத்தாலும் வாங்கித் தர முடியாது என்பதற்கு பிசிஆரைவிடத் தெளிவான சாட்சி இல்லை. இந்தியா அந்தச் சட்டத்தை எழுதியிருக்கிறது. எழுதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியும் வருகிறது.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். 1980-களின் தொடக்கம்வரை, ஒரு மரபணுவின் சிறு பகுதியை ஆராய வேண்டுமானால் அதைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, பாக்டீரியாவைப் பெருக்கி, அதிலிருந்து மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும். நாள் கணக்கில், சில நேரம் வாரக் கணக்கில் ஆகும் வேலை. சீட்டஸில் டிஎன்ஏவின் சிறு துண்டுகளைச் செயற்கையாகத் தயாரித்துக் கொடுக்கும் பணியில் இருந்த வேதியியலாளர் கேரி முல்லிஸ், 1983-ன் வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மெண்டோசினோ மலைப்பாதையில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது இதற்கு மாற்றுவழி தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார். டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் சூட்டில் பிரிக்க வேண்டும். நமக்கு வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டக்கூடிய இரண்டு சிறு துண்டுகளைச் சேர்த்துச் சூட்டைக் குறைக்க வேண்டும். பாலிமரேஸ் என்ற நொதி அந்தத் துண்டுகளிலிருந்து தொடங்கி எதிர் இழையைக் கட்டி முடிக்கும். ஒன்று இரண்டாகிவிட்டது. மறுபடி சூடேற்றினால் இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். 30 சுற்றில், கணக்குப்படி, ஒரே ஒரு மூலக்கூறு 107 கோடி நகல்களாகிவிடும்.

இதிலுள்ள ஒவ்வொரு படியும் அன்றைய உயிர்வேதியியலாளர்களுக்குத் தெரிந்ததே. அதைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால் என்ன ஆகும் என்று விடாமல் துரத்தியதில்தான் முல்லிஸின் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் யோசனையாக மட்டும் அது யாருக்கும் பயன்பட்டிருக்காது. ராண்டல் சைகி, ஹென்றி எர்லிக், நார்மன் ஆர்ன்ஹைம், ஃப்ரெட் ஃபலூனா உள்ளிட்ட சீட்டஸ் குழுவினர் அதை நம்பகமான செய்முறையாக ஆக்கிக் காட்டினார்கள். அரிவாள் செல் சோகையைக் கண்டறிய அதைப் பயன்படுத்திய ஆய்வு 1985 டிசம்பரில் சயின்ஸ் இதழில் வந்தது. முல்லிஸ் தனியாக எழுதிய கட்டுரையை நேச்சரும் சயின்ஸும் திருப்பி அனுப்பின. 1987-ல்தான் அது வேறிடத்தில் அச்சேறியது.

தொடக்க காலத்தில் அந்த வேலை எப்படி நடந்தது என்று சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மேசையில் மூன்று வெந்நீர்த் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பநிலையில். பக்கத்தில் ஸ்டாப் வாட்ச். சோதனைக்குழாய்களை ஏறத்தாழக் கொதிநிலையில் உள்ள முதல் தொட்டியில் வைத்து எடுத்து, அடுத்ததற்கு மாற்றி, அதற்கடுத்ததற்கு மாற்றி, மீண்டும் முதலுக்கு வர வேண்டும். அப்போது பயன்பட்ட பாலிமரேஸ், நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. அது நம் உடல் சூட்டுக்குப் பழகிய நொதி. 95 டிகிரியில் ஒவ்வொரு முறையும் செத்துப்போகும். எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயைத் திறந்து புதிதாக நொதியை விட வேண்டும். 30 சுற்று என்றால் 30 முறை. செலவும் அதிகம், பிழையும் அதிகம். கொதிநீரில் போட்டாலும் சாகாத ஒரு பாலிமரேஸ் மட்டும் கிடைத்துவிட்டால் எல்லாவற்றையும் மூடிய குழாயில் போட்டு இயந்திரத்திடம் விட்டுவிடலாம்.

அந்தப் பாலிமரேஸ் ஏற்கெனவே கிடைத்திருந்தது. கிடைத்த இடம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. இண்டியானா பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக், 1960-களின் நடுவில் அங்கிருந்த வெந்நீர் ஊற்றுகளில் எந்த வெப்பம்வரை உயிர் வாழ்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். எந்த நோய்க்கும் மருந்து தேடிப் போனவர் இல்லை அவர். எந்தத் தொழிலுக்கும் மூலப்பொருள் தேடிப் போனவரும் இல்லை. உயிரின் எல்லை எதுவரை என்ற கேள்வி ஒன்றே அவரைக் கொண்டுபோனது. செலவை அரசின் ஆய்வு நிதி ஏற்றது. 1966-ல் அவரும், அப்போது இளநிலை மாணவராக இருந்த ஹட்ஸன் ஃப்ரீஸும் மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றிலிருந்து எடுத்த மாதிரியில், 70 டிகிரி சூட்டில் சுகமாக வளரும் பாக்டீரியா ஒன்றைக் கண்டார்கள். தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு 1969-ல் கட்டுரை வெளியிட்டார்கள். யார் கேட்டாலும் கொடுக்கட்டும் என்று அதை அமெரிக்கன் டைப் கல்ச்சர் கலெக்‌ஷன் என்ற நுண்ணுயிர்க் காப்பகத்தில் வைத்தார்கள். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியன் என்ற ஆய்வு மாணவி தன் பேராசிரியர்களுடன் அந்தப் பாக்டீரியாவின் பாலிமரேஸைப் பிரித்தெடுத்து 1976-லேயே செய்முறையோடு எழுதிவிட்டார்.

சீட்டஸ் செய்தது, காப்பகத்திடம் ஒரு மாதிரியை வாங்கியது. விலை 35 டாலர் என்று சொல்லப்படுகிறது. டேவிட் கெல்ஃபண்டும் சூசன் ஸ்டாஃபலும் அதிலிருந்து நொதியைத் தூய்மையாகப் பிரித்தார்கள். டாக் பாலிமரேஸ் என்று பெயர் பெற்ற அது வந்த பிறகுதான் பிசிஆர் உலகம் முழுக்கப் பரவியது. தண்ணீர்த் தொட்டியும் ஸ்டாப் வாட்சும் போய், இரவில் மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் வேலை முடிந்திருக்கும் இயந்திரம் வந்தது. 1989-ல் சயின்ஸ் இதழ் அந்த ஆண்டின் மூலக்கூறாக அந்த நொதியைத் தேர்ந்தெடுத்தது. கருவிலிருக்கும் குழந்தையின் மரபுக் கோளாறு, ரத்தத்தில் எச்ஐவியின் அளவு, குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ஒற்றை முடி, பல்லாயிரம் ஆண்டு பழைய எலும்பு, மனித மரபணுத் தொகுப்பு முழுவதும் என எல்லாக் கதவுகளையும் திறந்தது இந்தக் கூட்டணிதான்.

காப்புரிமைக் கணக்கு இதற்கு இணையாக ஓடிக்கொண்டிருந்தது. 1985 மார்ச் 28 அன்று விண்ணப்பம். 1987 ஜூலையில் இரண்டு காப்புரிமைகள். டூபாண்ட் நிறுவனம் அவற்றை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அதன் கையிலிருந்த முக்கியமான ஆவணம் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரை. அதை எழுதியவர்களில் ஒருவர், பஞ்சாபின் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்து, மரபுக் குறியீட்டை வாசித்ததற்காக 1968-ல் நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் குரானா. அவர் ஆய்வகத்திலிருந்து செல் கிளெப்பா முதலியோருடன் 1971-ல் வெளிவந்த அந்தக் கட்டுரை, இரண்டு சிறு துண்டுகளையும் பாலிமரேஸையும் கொண்டு டிஎன்ஏவை நகலெடுக்கும் வழியையும், அதைத் திரும்பச் செய்யலாம் என்பதையும் விவரித்திருந்தது. செயற்கையாகத் துண்டுகளைத் தயாரிப்பது அப்போது மிகக் கடினம், யாரும் தொடரவில்லை. 1991 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ நடுவர் குழு சீட்டஸ் பக்கம் தீர்ப்பளித்தது. காகிதத்தில் இருந்ததைக் கையில் செய்து காட்டியவருக்கே உரிமை என்ற அளவில் அந்தத் தீர்ப்பை ஏற்கலாம். ஆனால் பிசிஆரின் பெயரைச் சொல்லும்போது குரானாவையும் கிளெப்பாவையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அதே ஆண்டு விற்பனை. புற்றுநோய் மருந்தாக வளர்த்த இன்டர்லூகின்-2-க்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கிடைக்காமல் தடுமாறிக்கொண்டிருந்த சீட்டஸ், பிசிஆரை ரோஷுக்கு விற்றுவிட்டு கைரான் நிறுவனத்தோடு இணைந்து மறைந்தது. முல்லிஸுக்குச் சீட்டஸ் கொடுத்திருந்த வெகுமதி 10,000 டாலர். 1993-ல் நோபல் பரிசு வந்து சேர்ந்தது. அரசு நிதியில் வேலை செய்து, கண்டதை எல்லாம் உலகத்துக்குத் திறந்துவைத்த பிராக், ஃப்ரீஸ், சியன் ஆகியோருக்கு ஒன்றும் இல்லை. ஊற்றைக் காத்துவைத்திருந்த பூங்காவுக்கும் ஒன்றும் இல்லை. 1872-ல் தேசியப் பூங்காவாக அறிவித்து வேலி போட்டுக் காக்காமல் விட்டிருந்தால், அந்த ஊற்றுகளைச் சுற்றி விடுதிகளும் குளியல் தொட்டிகளும் முளைத்திருக்கும். பிராக் எதை எடுத்திருப்பார்? அந்தப் பாதுகாப்புக்கு ஆன செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் மூலதனமாக எழுதப்படவில்லை.

ரோஷ் கைக்கு வந்தபின் பிசிஆரிலிருந்து சுமார் 200 கோடி டாலர் உரிமத்தொகை ஈட்டப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. கருவி விற்றவர், நொதி விற்றவர், பரிசோதனை செய்த மருத்துவ ஆய்வகம் என ஒவ்வொரு படியிலும் தொகை வசூலானது. மலிவாக நொதி விற்ற ப்ரொமேகா நிறுவனத்தோடு நடந்த வழக்கின்போது, உரிமம் மீறியதாக 40-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், அரசு ஆய்வகங்களைச் சேர்ந்த விஞ்ஞானிகளின் பெயர்ப் பட்டியலை ரோஷ் தரப்பு நீதிமன்றத்தில் கொடுத்தது. கண்டுபிடிப்புகளைப் பகிர்ந்து வளர்ந்த ஒரு சமூகத்தில் அது ஏற்படுத்திய கசப்பு நெடுநாள் நீடித்தது. கடைசியில் 1999-ல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம், சியன் குழு 1976-ல் பிரித்த நொதியிலிருந்து தங்களுடையது வேறானது என்று காட்டுவதற்காகக் காப்புரிமை அலுவலகத்தைத் தவறாக வழிநடத்தினார்கள் என்று சொல்லி, நொதியின் காப்புரிமை ஒன்றைச் செல்லாததாக்கியது. மேல்முறையீட்டில் தீர்ப்பின் சில பகுதிகள் மாறின. 2004-ல் மீண்டும் அதே முடிவுதான் வந்தது.

காப்புரிமையே கூடாது என்பது என் வாதம் இல்லை. பிசிஆருக்கு முன்பே, மரபணுவை வெட்டி ஒட்டும் கோஹன்-பாயர் காப்புரிமையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் எழுதிக் கொடுக்காமல், ஆண்டுக்கு 10,000 டாலர் கட்டும் எவருக்கும் உரிமம் கொடுத்தது; லாப நோக்கமற்ற ஆய்வுகளிடம் காசு கேட்கவில்லை. 468 நிறுவனங்கள் உரிமம் பெற்றன. 1997-ல் காலாவதியாகும்வரை 25.5 கோடி டாலர் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது, ஒரு தொழில்துறையே எழுந்து நின்றது. கட்டணத்தைத் தாழ்வாகவும் கதவை அகலமாகவும் வைத்தும் சம்பாதிக்கலாம்.

பிசிஆரின் அடிப்படைக் காப்புரிமைகள் அமெரிக்காவில் 2005 மார்ச் 28 அன்று முடிந்தன. 15 ஆண்டு கழித்துக் கொரோனா வந்தது. அதற்குள் பிசிஆர் எவருடைய தனிச்சொத்தாகவும் இல்லாமல் இருந்தது எத்தனை பெரிய நல்வாய்ப்பு! 2020 மார்ச்சில் தனியார் ஆய்வகங்கள் ஒரு பரிசோதனைக்கு 4,500 ரூபாய்வரை வாங்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரம்பு வைத்தது. உள்நாட்டு நிறுவனங்கள் உபகரணத் தொகுப்புகளைத் தயாரிக்கத் தொடங்கின, புனேவின் மைலேப் முதலில் வந்தது. கோவாவின் மோல்பயோ காசநோய்க்காக உருவாக்கியிருந்த ட்ரூநாட் கருவி கொரோனாவுக்கும் திருப்பிவிடப்பட்டது. விலை சில மாதங்களில் படிப்படியாக இறங்கியது. விரைவு ஆன்டிஜென் பரிசோதனையைப் பல மாநிலங்கள் நம்பியபோது, தமிழ்நாடு ஆர்டி-பிசிஆர் மட்டுமே என்று உறுதியாக நின்று மாவட்டந்தோறும் ஆய்வகங்களைத் திறந்தது. காப்புரிமை உயிரோடு இருந்து, ஒவ்வொரு குழாய்க்கும் ரோஷ் இருக்கும் பேசல் நகருக்கு அனுமதிக் கடிதம் போக வேண்டியிருந்தால் அந்த வேகத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது.

யெல்லோஸ்டோன் பிறகு விழித்துக்கொண்டது. 1997-ல் சான் டியாகோவின் டைவர்சா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஐந்து ஆண்டுகளில் ஒரு லட்சம் டாலர், கண்டுபிடிப்பு விற்றால் அதில் ஒரு பங்கு. பூங்காவை வணிகமாக்குகிறார்கள் என்று வழக்கு வந்தது. நீதிமன்றம் கடைசியில் ஒப்பந்தத்தை ஏற்றது. ஆனால் டாக் பாலிமரேஸுக்காக ஒரு காசும் திரும்ப வரவில்லை, வரவும் வழியில்லை. இத்தகைய பங்கை வலியுறுத்தும், உயிரினப் பல்வகைமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

இந்தியா உறுதி செய்தது. 2002-ல் சட்டமும் கொண்டுவந்தது. அதை நடைமுறைப்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. சட்டத்துக்கு முன்பே நம் பக்கத்தில் ஒரு நல்ல முன்மாதிரி பிறந்திருந்தது. அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், உடன் வந்த காணி மக்கள் வழியில் ஒரு செடியின் காய்களை மென்றபடி களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரவியல் நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1990-களின் நடுவில் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் கொடுத்தது. வருவதில் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று எழுதினார்கள். தொகை பெரிதில்லை; பின்னால் சிக்கல்களும் வந்தன. ஆனாலும் வழிகாட்டியாக வந்த மக்களின் அறிவுக்கு உரிமப் பத்திரத்தில் இடம் கொடுத்தது உலகத்துக்கே புதிது.

அதன்பின் நாம் எங்கே வந்து நிற்கிறோம்? உள்நாட்டு நிறுவனங்களும் பயனைப் பகிர வேண்டும் என்று 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் தெளிவாகச் சொன்னது. 2023-ல் வந்த திருத்தச் சட்டம் ஆயுஷ் மருத்துவர்களுக்கும், நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் விலக்கு அளித்தது. மீறலுக்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக்கியது. நாட்டு வைத்தியருக்கு விலக்கு கொடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பெரிய நிறுவனமும் அதே சந்து வழியாக நுழைந்துவிடும் என்பதே கவலை.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. இன்று பாக்டீரியாவை 35 டாலர் கொடுத்துக்கூட வாங்க வேண்டியதில்லை. இமாச்சலத்தின் மணிகரணிலோ லடாக்கின் பூகாவிலோ கொதிக்கும் ஊற்றிலுள்ள நுண்ணுயிரின் மரபு வரிசையை ஓர் ஆய்வாளர் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டால், எங்கோ ஒரு நிறுவனம் அதைப் பதிவிறக்கி, நொதியைத் தன் ஆய்வகத்திலேயே உருவாக்கிக்கொள்ளலாம். மாதிரி எல்லை தாண்டவில்லை, அனுமதி கேட்கத் தேவையும் எழவில்லை. தரவு திறந்திருப்பது அறிவியலுக்கு நல்லது. பிராக் திறந்துவைத்ததால்தான் பிசிஆரே வந்தது. திறந்த தரவிலிருந்து சம்பாதிப்பவர் ஒரு பங்கைத் திருப்பிச் செலுத்துவாரா என்பதே கேள்வி. கொலம்பியாவின் காலி நகரில் 2024-ல் நடந்த ஐ.நா. மாநாடு இதற்கு ஒரு நிதியத்தை ஏற்படுத்த முடிவெடுத்தது. அது 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. மரபு வரிசைத் தரவை நம்பித் தொழில் செய்யும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ செலுத்தலாம். அதில் குறைந்தது பாதி பழங்குடி, உள்ளூர் மக்களுக்குப் போக வேண்டும். ஆனால் அது கட்டாயமில்லை. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்ற நிதியத்தில் எவ்வளவு சேரும் என்பதை ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டாம்.

இந்தியா 2025-ல் வெளியிட்ட விதிமுறைகள் இத்தகைய தரவையும் பயன் பகிர்வின் வரம்புக்குள் கொண்டுவந்திருப்பது சரியான திசை. அடுத்து நடக்க வேண்டியவை மூன்று. இந்தியாவில் மருந்து, நோய்க்கண்டறிதல் கருவி, நொதி விற்க ஒப்புதல் கேட்கும் எந்த நிறுவனமும், உள்நாடோ வெளிநாடோ, தன் பொருளுக்கு அடிப்படையான உயிரினமும் மரபு வரிசையும் எங்கிருந்து வந்தன என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் கோப்பு நகரக்கூடாது. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வில் பிறக்கும் காப்புரிமைகளுக்கு ஸ்டான்ஃபோர்டு கொடுத்ததுபோல், ஒருவருக்கே எழுதிக்கொடுக்காத உரிமம் விதியாக இருக்க வேண்டும். வசூலாகும் தொகை எந்த ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு எவ்வளவு போனது என்பதைத் தரமணி அலுவலகம் ஆண்டுதோறும் ஊர்ப் பெயரோடு வெளியிட வேண்டும். பாபநாசம் காணிக் குடியிருப்பில் இருப்பவர் தன் மலையின் பெயரை அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்க முடிய வேண்டும்.